தேயிலைக் காடும் புலாங் மக்களும்: ஒரு மலைக்குடியின் வழக்கங்களில் எவை நிற்கின்றன, எவை தேய்கின்றன

சீனாவின் தென்மேற்கு மூலையில், யுன்னான் மாகாணத்து மலைகளில், பா ஐலெங் என்ற தலைவனைப் பற்றி ஒரு கதை உண்டு. சாகும் தறுவாயில், பிள்ளைகளுக்கு எதை விட்டுப்போவது என்று அவன் யோசித்தானாம். மாடும் குதிரையும் கொடுத்தால் ஒரு நோய் வந்தால் போதும், செத்துப்போகும். பொன்னும் வெள்ளியும் கொடுத்தால் செலவழித்துத் தீர்த்துவிடுவார்கள். ஆகவே தேயிலை மரங்களை விட்டுப்போகிறேன், கண்ணைப் போலக் காத்துக்கொள்ளுங்கள், பேரன் பேத்திக்கும் அவர்களுடைய பேரன் பேத்திக்கும் அது சோறு போடும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான்.

புலாங் மக்கள் இதை வெறும் பழங்கதையாக வைத்திருக்கவில்லை. பா ஐலெங்குக்குக் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரலில் விழா நடக்கிறது. அவன் மணந்த, அடிவாரத்தை ஆண்ட டாய் இனத்து அரசனின் ஏழாவது மகளுக்கும் மலைமேல் ஒரு மண்டபம் இருக்கிறது. அந்த மரங்கள் நிற்கும் ஜிங்மாய் மலையை 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தேயிலையை மையமாக வைத்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான்.

ஆனால் புலாங் மக்களைப் பற்றித் தேடினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு விநோதப் பட்டியல். பல்லைக் கறுப்பாக்கிக்கொள்கிறார்கள், சில்வண்டில் துவையல் அரைக்கிறார்கள், ஒரே பெண்ணை ஒரே ஆண் இரண்டு முறை கல்யாணம் செய்கிறான். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்படி அடுக்கிச் சொல்வதில் எதுவும் விளங்குவதில்லை. மலைமேல் நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தது, அடிவாரத்தில் யார் ஆண்டார்கள், எதை விற்று உப்பு வாங்கினார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வழக்கங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பது தெரியும். இன்றைக்கு அவற்றில் எது பிழைக்கிறது, எது அழிகிறது என்பதற்கும் அங்கேதான் காரணம் இருக்கிறது.

மலைமேல் இவர்கள், பள்ளத்தாக்கில் டாய்கள்

சீன அரசு அங்கீகரித்த 56 இனங்களில் புலாங் ஒன்று. 2010 கணக்கெடுப்பில் 1,19,639 பேர்; 2020இல் ஏறத்தாழ 1,27,000. கிட்டத்தட்ட அனைவருமே யுன்னானில்தான் இருக்கிறார்கள். சிசுவாங்பன்னா பகுதியின் மெங்காய் மாவட்டத்தில், குறிப்பாகப் புலாங் மலையிலும் சிடிங், டாலுவோ பக்கங்களிலும் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஜிங்மாய் மலை இருக்கும் லான்சாங், சுவாங்சியாங், சிடியான் போன்ற மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் மியன்மாரின் ஷான் மாநிலத்திலும், வட தாய்லாந்தின் சியாங் ராய் பக்கத்திலும் இவர்களுடைய ஊர்கள் உண்டு.

மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பக்கத்து மலைகளில் பேசப்படும் வா, பலாவுங் மொழிகளுக்கு உறவு. தூரத்தில் கெமரும் வியட்நாமியமும் சொந்தம். இந்தியாவிலும் இந்தக் குடும்பத்துக்குக் கிளைகள் இருக்கின்றன. மேகாலயாவின் காசி மொழியும், ஜார்க்கண்ட் பக்கத்துச் சந்தாலியும் முண்டாரியும் இதே பெரிய குடும்பம்தான். சீனமோ, அடிவாரத்து டாய் மொழியோ இதற்கு இரத்த உறவு இல்லை.

பழைய சீனக் குறிப்புகளில் இவர்களுடைய முன்னோர் "பூ" என்றும் "பூமான்" என்றும் வருகிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் தாங் அரசின் அதிகாரி ஃபான் சுவோ இந்தத் தெற்குப் பகுதிகளைப் பற்றி எழுதியபோது, இங்குள்ள மலைகளில் தேயிலை விளைகிறது, மக்கள் அதை முறையான பக்குவம் எதுவும் செய்யாமல் பறித்து வருகிறார்கள், அன்று யுன்னானை ஆண்ட நான்ஜாவ் நாட்டார் அதை மிளகு வகை, இஞ்சி, பட்டை போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று குறித்துவைத்தார். நம் மசாலா டீக்காரர்கள் சந்தோஷப்படலாம். அந்த மலைகளில் தேயிலையை முதலில் நட்டு வளர்த்தவர்கள் இன்றைய புலாங், வா, டியாங் மக்களின் முன்னோர்கள் என்பது யுன்னான் ஆய்வாளர்கள் பலருடைய கருத்து.

"புலாங்" என்ற ஒற்றை முத்திரை 1950களில்தான் குத்தப்பட்டது. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரில் தங்களைச் சொல்லிக்கொண்ட கூட்டங்கள் அவை. சிடியான் பக்கத்தில், மங்கோலியர் படையோடு தெற்கே வந்த கித்தான் என்ற வடநாட்டு இனத்து வீரர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று சொல்லும் சில குடும்பங்கள்கூட இந்தப் பட்டியலுக்குள் இருக்கின்றன. ஆகவே கீழே சொல்லப்போகும் வழக்கங்கள் எல்லாம் எல்லாப் புலாங்குகளுக்கும் பொது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் மெங்காய், லான்சாங் மலைகளின் வழக்கம் இவை.

இந்த மலைகளின் அடிப்படைக் கணக்கு உயரத்தில் இருக்கிறது. நீர் தங்கும் பள்ளத்தாக்கில் டாய் மக்கள். அவர்களுக்கு நெல்வயல், சந்தை, புத்தமடம், அரசு எல்லாம் இருந்தன. 1,500 முதல் 2,000 மீட்டர் உயரத்துச் சரிவுகளில் புலாங் மக்கள். பல நூற்றாண்டுகள் சிசுவாங்பன்னாவை டாய் அரச மரபு ஆண்டது. மலையூர்த் தலைவர்களுக்கு "பா", "ஜா", "சியன்" என்று பட்டங்களைக் கொடுத்தது டாய் அரண்மனைதான். பா ஐலெங்கின் பெயருக்கு முன்னால் நிற்கும் "பா" அப்படி வந்ததுதான். பட்டத்துக்குப் பதிலாகத் தேயிலை, பருத்தி, வெள்ளி எல்லாம் திறையாகக் கீழே இறங்கின. கதையில் டாய் அரசனின் மகள் மலைத்தலைவனுக்கு வாழ்க்கைப்பட்டது காதலால் என்று பாட்டில் பாடலாம். தேயிலை விளையும் மலை கையைவிட்டுப் போகக் கூடாது என்ற அரசியல் கணக்கு அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

டாய் மக்களிடமிருந்து வந்தது பட்டம் மட்டுமல்ல. தேரவாத பௌத்தமும் அங்கிருந்துதான் ஏறியது. புலாங் மொழிக்குச் சொந்த எழுத்து இல்லாததால், மடங்களில் டாய் எழுத்தில் எழுதிய ஏடுகளைத்தான் படித்தார்கள். இந்தப் பௌத்தம் வட தாய்லாந்தின் சியாங் மாய், மியன்மாரின் கெங்துங் வழியாக வந்தது. அந்த மடங்களில் ஒரு பிரிவின் துறவிகள் 15ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கே போய்த் தீட்சை வாங்கித் திரும்பியவர்கள். ஆக, மலையுச்சியில் ஒரு புலாங் சிறுவன் ஓதிய பாலி வாசகத்துக்கு இலங்கையோடு ஒரு தொடர்பு இருக்கிறது.

மடத்துக்கு வெளியே இருப்பவை

ஊரில் புத்தமடம் இருக்கும். சிறுவர்கள் காவி கட்டிச் சில காலம் அங்கே தங்கி எழுத்துப் படிப்பார்கள். நவீனப் பள்ளி வருவதற்கு முன் படிப்பு என்றால் அதுதான். மழைக்காலத்து மூன்று மாதங்கள் பிக்குகள் மடத்தைவிட்டு வெளியே தங்கக் கூடாது. அந்த மாதங்களில் கல்யாணமும் கிடையாது. ஜூலை வாக்கில் கதவு மூடும் விழா, அக்டோபர் வாக்கில் கதவு திறக்கும் விழா. ஏப்ரல் நடுவில் புத்தாண்டு. சூரியன் மேடத்தில் நுழைவதைக் கணக்கு வைக்கும் அதே புத்தாண்டு; நம் சித்திரை முதல் நாளும் அதே வாரத்தில்தான் வருகிறது. அங்கே தண்ணீர் தெளிப்பார்கள், மணலைக் கோபுரமாகக் குவிப்பார்கள், பெரியவர்களிடம் ஆசி வாங்குவார்கள்.

இதெல்லாம் டாய் ஊரிலும் உண்டு. சரி, பிறகு புலாங் என்று தனியாக என்ன இருக்கிறது?

ஊரின் நடுவில் ஒரு மரத்தூண் நிற்கும். அதுதான் ஊரின் இதயம். ஊருக்கு வாசல்கள் உண்டு. வெளியிலிருந்து கெட்டவை நுழையாமல் அவை காக்கும். காட்டில் ஒரு பகுதி ஆவிகளுக்கு உரியது. அங்கே கோடரி விழாது. நெல்லுக்கு உயிர் உண்டு, தேயிலைக்கு உயிர் உண்டு, மனிதனுடைய உயிரும் பயந்தால் ஓடிப்போகும், கூப்பிட்டால் திரும்பி வரும். பிக்கு பாலியில் ஓதிவிட்டுப் போன பிறகு, பூசாரி வந்து கோழியை அறுத்து ஆவியை அழைப்பதில் யாருக்கும் முரண்பாடு தெரிந்ததில்லை. யாராவது இறந்தால் பிக்குவோ பூசாரியோ, சில சமயம் இருவருமோ, ஓதுவார்கள். மூன்று நாளுக்குள் அடக்கம். ஊர் இடுகாடு குலவாரியாகப் பிரித்திருக்கும். விபத்திலோ சண்டையிலோ அகால மரணம் அடைந்தவர்களைச் சில ஊர்களில் எரித்துவிடுவார்கள். குலத்தாரோடு அவர்களைக் கிடத்துவதில்லை.

இதில் மூங்கில் எலியின் கதை தனி. மூங்கில் வேர்களைத் தின்று மண்ணுக்குள் வாழும் கொழுத்த எலி அது. மனிதனுக்கு நெல் விதையைக் கொண்டுவந்து கொடுத்தது அதுதான், முன்னோரின் உயிர் அதில் இருக்கிறது என்பது நம்பிக்கை. விதைப்பை ஒட்டி ஆண்கள் காட்டுக்குப் போய் அதைத் தோண்டி எடுப்பார்கள். பூச்சூட்டி, கழியில் கட்டி, ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். பிறகு அறுத்துப் பங்கு போடுவார்கள். தலை ஊர்த்தலைவருக்கு, மீதி வீடு வீடாகத் துண்டு துண்டாக. அதை விதைநெல்லுக்குப் படைப்பார்கள். முன்னோர் என்று வணங்குவதையே அறுத்துப் பங்கிடுவது நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஊர் முழுக்க ஒரே முன்னோரின் பங்கைப் பெற்று, ஒரே நாளில் விதைப்புக்குப் போவது என்பது நிலம் பொதுவாக இருந்த ஓர் ஊரின் ஏற்பாடு.

நிலம் உண்மையிலேயே பொதுவாகத்தான் இருந்தது. புலாங் மலையில் காகுன் என்ற குலக்குழுதான் காட்டு நிலத்துக்கு உரிமை கொண்டாடியது. ஒவ்வோர் ஆண்டும் எந்தச் சரிவை வெட்டி எரிப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கோடையில் வெட்டிக் காயவைத்து, மழைக்கு முன் எரித்து, புனத்தில் கூர்க்கழியால் குழி போட்டு மானாவாரி நெல்லை விதைப்பார்கள். சோளமும் பருத்தியும்கூட உண்டு. விளைச்சல் குறைந்ததும் அந்தச் சரிவைக் காட்டிடமே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இப்படி ஆண்டுக்காண்டு கைமாறும் நிலத்தை யாரும் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. தேயிலை மரம் அப்படியல்ல. நட்டவன் செத்தாலும் மரம் அங்கேயே நிற்கும், நூறாண்டு கழித்தும் துளிர்க்கும். வீடு, கால்நடை, தேயிலை, இவைதான் குடும்பச் சொத்து. பா ஐலெங்கின் கடைசிப் பேச்சில் இருப்பது வெறும் ஞானம் அல்ல, அந்த மலையின் சொத்துக் கணக்கு.

காட்டுக்குள் தோட்டம்

நீலகிரியிலும் வால்பாறையிலும் நாம் பார்க்கும் தேயிலை, சீவி விட்ட பச்சைக் கம்பளம். ஜிங்மாயில் முதன்முதலாகப் போகிறவர்களுக்குத் தோட்டம் எங்கே என்றே தெரியாது, காடுதான் தெரியும். மேலே பெரிய மரங்கள், நடுவில் ஆளுயரமும் அதற்கு மேலும் வளர்ந்த தேயிலை மரங்கள், கீழே புல்லும் செடியும் என்று மூன்று அடுக்கு. காட்டை முழுக்க அழிக்காமல், நிழலுக்கு வேண்டிய மரங்களை விட்டுவிட்டு, இடையில் தேயிலையை நட்டிருக்கிறார்கள். இலைச் சருகு உரமாகிறது, பறவையும் சிலந்தியும் பூச்சியைப் பார்த்துக்கொள்கின்றன, மேலடுக்கு மரங்கள் வெயிலையும் பனியையும் தாங்குகின்றன. செடி வகை, அசாமில் வளரும் அதே பெரிய இலைத் தேயிலைதான். பழைய மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் ஒருவகைப் புல்லுருவியைக்கூட விடுவதில்லை. நண்டின் கால் போலிருப்பதால் அந்தப் பெயரிலேயே காயவைத்து விற்கிறார்கள்.

யுனெஸ்கோ கணக்கின்படி இந்த முறை இங்கே 10ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்தது. பட்டியலில் இருப்பவை ஐந்து பெரிய பழந்தேயிலைக் காடுகளும் ஒன்பது ஊர்களும், தோட்டங்களுக்கு இடையே அரணாக விட்டுவைத்த காடுகளும். ஊர்களில் சில புலாங், சில டாய். மாங்ஜிங், வெங்ஜி போன்றவை புலாங் ஊர்கள். வீடுகள் இரண்டும் தூண்மேல் நிற்கும் மரவீடுகள்தான். கீழே ஆடுமாடு, விறகு. மேலே நடுவில் அடுப்புக்குழி. வித்தியாசம் கூரை முகட்டில். டாய் வீட்டு முகட்டில் மாட்டுக்கொம்பு வடிவம் இருக்கும். புலாங் வீட்டில் ஒரு மொட்டும் இரண்டு இலையும்.

ஒவ்வொரு தோட்டத்திலும் முதலில் நட்ட மரத்துக்கு "உயிர்மரம்" என்ற தகுதி உண்டு. தோட்டத்தின் மொத்த உயிரும் அதில் குடியிருக்கிறது. வசந்தத்தில் பறிப்பு தொடங்கும் முன் அதற்கு உணவும் மெழுகுத் திரியும் படைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த மரத்தில் கைவைப்பார்கள். குடும்பம் செய்யும் இந்தச் சின்னச் சடங்கின் ஊரளவு வடிவம்தான் ஏப்ரல் நடுவில் மாங்ஜிங்கில் நடக்கும் சங்காங் விழா. புத்தாண்டும் தேயிலை மூதாதை வழிபாடும் அதில் கலந்துவிட்டன. ஐலெங் மலைமேல் ஏறி, மேடையைச் சுற்றி நின்று, தேயிலையின் உயிரை ஊர் முழுக்கக் குரல் கொடுத்து அழைக்கிறார்கள். சில ஆண்டுகளில் எருமையும் பலி உண்டு. அஹிம்சை பேசும் புத்தமடம் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அந்தத் தள்ளி நிற்றலை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டிருப்பதுதான் புலாங் பௌத்தத்தின் சாமர்த்தியம்.

தேயிலையைக் குடிப்பது பிறகு வந்த பழக்கம். அதற்கு முன் அதைத் தின்றார்கள், இன்றும் தின்கிறார்கள். புளித்தேயிலை என்பது புலாங் வீட்டு ஊறுகாய் என்றே சொல்லலாம். பச்சை இலையை வேகவைத்து, நிழலில் சில நாள் பூஞ்சை படரவிட்டு, மூங்கில் குழாயில் அழுத்தி அடைத்து, வாயைக் கட்டி மண்ணில் புதைத்துவிடுவார்கள். மாதம் கடந்து எடுத்தால் புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும்; அப்படியே வாயில் போட்டு மெல்லுவார்கள், விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். மியன்மாரின் லப்பெட், வட தாய்லாந்தின் மியங் இரண்டும் இதன் பங்காளிகள். சீனத் தேயிலைப் பக்குவ முறைகளை யுனெஸ்கோ 2022 நவம்பரில் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பக்கத்து டியாங் மக்களின் புளித்தேயிலையும் அதில் இருந்தது. குடிக்கும் தேநீரில் இரண்டு வகை. சின்ன மண்பானையில் இலையை வறுத்து, மணம் கிளம்பியதும் கொதிநீர் ஊற்றி எடுக்கும் கசப்புச் சாறு ஒன்று. காட்டுக்குப் போன இடத்தில் பச்சை மூங்கிலை வெட்டி, அதிலேயே ஊற்றுநீரைக் கொதிக்கவைத்து இலை போடுவது இன்னொன்று. பாத்திரம் சுமக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

சாப்பாட்டு ருசியும் இந்தப் புளிப்பைச் சுற்றியதுதான். புளிக்கவைத்த இறைச்சி, புளிக்கவைத்த மீன், புளிக்கவைத்த மூங்கில் குருத்து. உப்பு தூரத்திலிருந்து வர வேண்டிய மலையில், ஈரம் நிறைந்த காற்றில், உணவைக் கெடாமல் வைக்கப் புளிக்கவைப்பதுதான் வழி. சில்வண்டுத் துவையலும் அப்படியொன்றும் விநோதமில்லை. பருவத்தில் சாயங்காலம் பெண்கள் போய்ச் சில்வண்டுகளைப் பொறுக்கி, இறகைப் பிய்த்து, ஆவியில் வேகவைத்து, காரத்தோடு இடித்தால் துவையல். இறைச்சி அரிதாகக் கிடைக்கும் இடத்தில் கைக்கெட்டிய சத்து.

கறுத்த பல், இரட்டைக் கல்யாணம், தாயின் பெயர்

பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகள் பல்லுக்குக் கறுப்பேற்றிக்கொள்ளும் சடங்கு இருந்தது. ஒரு காட்டு மரத்தின் கட்டையை எரித்து, மேலே பிடித்த இரும்பில் படியும் கரியை எடுத்து, பையன்களும் பெண்களும் ஒருவர் பல்லில் ஒருவர் பூசிவிடுவார்கள். அந்த இரவிலிருந்து அவர்கள் பெரியவர்கள். காதலிக்கலாம், ஊர் ஏற்றுக்கொள்ளும். வெற்றிலைப் பாக்குப் போட்டுப் போட்டு அந்தக் கறுப்பு பிறகு நிலைத்துவிடும். வெள்ளைப் பல் குழந்தைக்கும் மிருகத்துக்கும் உரியது என்ற எண்ணம் தென்கிழக்காசியா முழுக்க இருந்ததுதான். பெண்களின் உடை, அவுரியில் தோய்த்த கறுப்பு அல்லது நீலச் சட்டை, இடுப்பை ஒட்டியது, கோடு போட்ட பாவாடை, கொண்டைமேல் அடுக்கடுக்காகச் சுற்றிய துணி, காதில் வெள்ளி. ஆண்களுக்குத் தலைப்பாகையும் அகலக் கால்சட்டையும். முந்தைய தலைமுறை ஆண்கள் உடம்பெல்லாம் பச்சை குத்தியிருந்தார்கள்.

பெரியவர்கள் ஆன பிறகு இரவுகளில் பையன்கள் நான்கு தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு பெண் வீட்டு அடுப்படிக்குப் போவார்கள். பெண் எழுந்து அடுப்பை மூட்டித் தேநீர் வைப்பாள். பெற்றோர் தூங்குவது போல் இருந்துகொள்வார்கள். பாட்டில் கேள்வி, பாட்டில் பதில். புலாங் பாட்டில் மெட்டுவகைகள் பெயரோடு பிரிந்திருக்கின்றன. எந்தச் சந்தர்ப்பத்துக்கு எது என்று ஊருக்குத் தெரியும். வாத்தியத்தோடு பாடும் இந்த மரபையும், சுவாங்சியாங் புலாங் மக்களின் தேன்கூட்டு மத்தள ஆட்டத்தையும் சீன அரசு 2008இல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேனீ வளர்க்கும் மரக்குடுவையைப் போலக் குடைந்த மத்தளம் அது.

அப்புறம் கல்யாணம். தேயிலையையும் மெழுகுத் திரிகளையும் வாழையிலையில் மடித்து அனுப்பினால் அதுதான் அழைப்பிதழ். முதல் கல்யாணம் முடிந்ததும் பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை இரவில் அங்கே போவான். பகலில் தன் வீட்டுக்குத் திரும்பி வேலை செய்வான். இப்படி மூன்று ஆண்டு வாக்கில் கழிந்த பிறகு இரண்டாவது கல்யாணம். அதற்குப் பிறகுதான் பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். மேலுக்குப் பார்த்தால் விநோதம். ஆனால் காடு வெட்டி எரித்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு ஜோடிக் கைகள் திடீரென்று போவது பெரிய இழப்பு. இந்த ஏற்பாட்டில் மூன்றாண்டுக்கு எந்த வீடும் யாரையும் இழப்பதில்லை. பெண்ணுக்கும் தன் வீட்டு ஆதரவில் முதல் குழந்தையைப் பெற்றுக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஒத்துவராவிட்டால் பிரிவதும் பெரிய சிக்கல் இல்லை. மாமியார் வீட்டுக்கு முதல் நாளே அனுப்பிவைக்கும் ஊர்க்காரர்களான நாம் இதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெயரிலும் தாய்வழி இருக்கிறது. புலாங் மலையில் குடும்பப்பெயர் என்பது இல்லை. ஆண் பெயருக்கு முன்னால் "ஐ", பெண் பெயருக்கு முன்னால் "இ". பின்னால் தாயின் பெயர் ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பதிவேடும் அடையாள அட்டையும் வந்த பிறகு இது தொல்லையாகிவிட்டது. முன்னொட்டைக் குறிக்கும் சீன எழுத்தே பலருக்குக் குடும்பப்பெயர் போல ஆகி, அலுவலகக் கண்ணில் ஊரில் பாதிப்பேர் ஒரே வம்சமாகத் தெரிகிறார்கள்.

மரத்தின் விலை

1950இல் மாங்ஜிங் தலைவர் சூலியா பெய்ஜிங்கில் நடந்த தேசிய நாள் விழாவுக்குப் போனார். ஊர்த் தேயிலையை மாவோவுக்குப் பரிசாகக் கொடுத்தார். பழைய காலத்தில் டாய் அரசனுக்குப் போன அதே தேயிலை இப்போது புது அரசனுக்குப் போனது என்று சொன்னால் தப்பில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் குலத்தின் பொது நிலம் கூட்டுப்பண்ணையானது. கலாச்சாரப் புரட்சியில் மடங்கள் மூடப்பட்டன, சடங்குகள் மூடநம்பிக்கை ஆயின. 1980களில் நிலம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மடங்களும் மெல்லத் திறந்தன.

அந்தக் காலத்தில் பழைய தேயிலைக் காட்டுக்கு மதிப்பில்லை. நெருக்கமாக நட்டு, மட்டமாக வெட்டிய படிக்கட்டுத் தோட்டம்தான் முன்னேற்றம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விளைச்சல் கணக்கில் அது சரிதான். 2000க்குப் பிறகு காற்று திரும்பியது. அழுத்திய வில்லைகளாக ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் பூஅர் தேயிலைக்கு ஹாங்காங், தைவான், குவாங்டோங் சந்தைகளில் பித்துப் பிடித்தது. பழைய மரத்து இலைதான் வேண்டும் என்றார்கள். வில்லைகளை வாங்கி அடுக்கிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். 2007இல் அந்தக் குமிழி உடைந்தது. பிறகு சந்தை நிதானமாகத் திரும்பியபோது, பழைய மரத்துக்கான விலை மட்டும் இறங்கவில்லை. புலாங் மலையின் மிகப் பழைய புலாங் ஊர்களில் ஒன்றான லாவ்மான்'எ அதன் கடுங்கசப்புத் தேயிலைக்காகவே பேர்பெற்றது. ஒரு தலைமுறைக்கு முன் மூங்கில் வீட்டில் இருந்தவர்கள் கான்கிரீட் மாடி கட்டினார்கள், வாசலில் கார் நிற்கிறது.

இந்தப் பணம் பண்பாட்டைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவது எளிது. நான் பார்க்கிற வரை நடந்தது அத்தனை நேரானதல்ல. எந்த வழக்கத்துக்குக் கீழே இன்னும் வருமானம் இருக்கிறதோ அது வலுத்திருக்கிறது. உயிர்மர வழிபாடும் மூதாதை விழாவும் புது மெருகோடு நிற்கின்றன. வியாபாரிகளும் புகைப்படக்காரர்களும் வந்து குவிகிறார்கள். எந்த வழக்கத்துக்குக் கீழிருந்த பிழைப்பு போய்விட்டதோ அது வாடிவிட்டது. காடு வெட்டி எரிப்பதைத் தடுத்த பிறகு புனநெல் இல்லை. விதைநெல்லுக்குப் படைக்க மூங்கில் எலியைத் தோண்டும் அவசியமும் குறைந்துவிட்டது. இரவில் அடுப்படிக்குப் பாடப்போக வேண்டியதில்லை, கைபேசி இருக்கிறது. வேலைக்கு ஆள் வைக்க முடிகிற வீட்டுக்கு மூன்றாண்டு காத்திருக்கும் கல்யாணம் எதற்கு? பல்லைக் கறுப்பாக்கியவர்களைப் பார்க்க வேண்டுமானால் பாட்டிமார்களைத்தான் தேட வேண்டும்.

மாங்ஜிங்கில் சுவாரசியமான ஒன்று நடந்திருக்கிறது. பூச்சிமருந்தும் இரசாயன உரமும் கூடாது, வெளியூர் இலையை மலைக்குள் கொண்டுவந்து இந்த ஊர்ப் பெயரில் விற்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு எழுதிவைத்திருக்கிறார்கள். விலை ஏறிய பின் கலப்படம் செய்யும் ஆசை எல்லா ஊருக்கும் வரும். அதனால் ஊரின் பெயரே கெட்டுவிடும் என்ற பயமும் வரும். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் நிறுத்தப்படுவது பா ஐலெங்கின் கடைசிப் பேச்சு. முன்பு ஆவிக்குப் பயந்து காட்டைத் தொடாமல் இருந்தார்கள். இப்போது அதே மூதாதையின் பெயரில் வணிக ஒழுங்கு நடக்கிறது. 1980களில் நட்ட படிக்கட்டுத் தோட்டங்களிலும் செடிகளைக் குறைத்து, இடையிடையே நிழல்மரம் வைத்துப் பழைய அடுக்குமுறைக்குத் திருப்பும் வேலை நடக்கிறது.

இதோடு இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்துவிட்டது. பாரம்பரிய ஊர் என்று பட்டியலில் ஏறிய இடத்தில் மரவீட்டை இடித்துக் கான்கிரீட் கட்ட முடியாது, கூரை ஓடுகளை மாற்றுவதற்கும் விதி உண்டு. வெங்ஜியின் கூரைகளில் மொட்டும் இலையும் அப்படியே இருக்கின்றன. அதன் கீழே பல வீடுகள் இன்று தேநீர்க் கடையாகவும் தங்கும் விடுதியாகவும் மாறியிருக்கின்றன. பட்டியலில் இல்லாத புலாங் மலை ஊர்களுக்கு இந்த விதிகள் இல்லை. அங்கே வீட்டுக்காரர் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம். ஒரே மொழி பேசி, ஒரே மரத்தில் பிழைக்கும் இரண்டு மலைகளின் ஊர்கள் இன்னும் இருபது ஆண்டில் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத அளவுக்கு வேறு வேறு திசையில் போய்விடும் என்றே தோன்றுகிறது.